கிரேக்கப் புராண அரக்கர்களை வரைகிறேன்: எந்த உருவம் சரி?

தூரிகை_செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். நான் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு சீட்டுக்கட்டு. கிரேக்கப் புராணத்தில் வரும் அரக்கர்கள், பாதி மனிதன் பாதி மிருகம் வகையறா, இவர்கள்தான் விஷயம். முன்பக்கம் படம், பின்பக்கம் நாலு வரித் தகவல். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. அச்சு சிவகாசியில், தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வந்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மாதிரிப் படம் தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துவரவே இல்லை. ஒருவர் மெடூசாவைப் பல்லை இளித்து நாக்கைத் தொங்கவிட்ட கோர முகமாக வரைகிறார். இன்னொருவர் சினிமா நாயகியை வரைந்து தலையில் மட்டும் பாம்புகளை வைக்கிறார். சைரன் என்று தேடினால் பாதிப் படங்களில் கடல்கன்னி, மீதிப் பாதியில் பறவை. செர்பரஸ் நாய்க்கு மூன்று தலை என்றுதான் படித்திருக்கிறேன், ஆனால் பழைய பானை ஒன்றில் இரண்டு தலையோடு நிற்கிறது. கைமேராவின் ஆட்டுத்தலை முதுகு நடுவில் முளைக்குமா, சிங்கத்தலைக்குப் பக்கத்தில் இருக்குமா? மினோட்டாருக்கு மாட்டுத்தலையா, மாட்டு உடம்பா?

பதிப்பகத்தில் கேட்டால், "பயமா இருக்கணும், ஆனா ரொம்பப் பயமா இருக்கக் கூடாது" என்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு என்ன வரைய?

எனக்குத் தெரிய வேண்டியது, அந்தக் காலத்துக் கிரேக்கர்களே இவற்றை எப்படி வரைந்தார்கள் என்பது. ஒரு சின்ன வேண்டுகோள்: யாளி, நரசிம்மர், காமதேனு என்று நம் பக்கம் இழுக்க வேண்டாம். அது தனிக் கட்டாக அப்புறம் வருகிறது. இங்கே கிரேக்கம் மட்டும்.

சும்மா_வந்தவன்:

இல்லாத மிருகத்துக்குச் சரியான உருவம் எங்கிருந்து வரும்? இஷ்டப்படி வரையுங்க அக்கா. ஏழு தலை போட்டாலும் யார் வந்து எண்ணப்போறாங்க?

எஞ்சின்_ரூம்:

செல்வி, தம்பி சொன்னதில் பாதி சரி. கிரேக்கர்களிடமே ஒரே உருவம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அவர்கள் இஷ்டப்படியும் வரையவில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணத்தோடுதான் வரைந்தார்கள், அந்தக் காரணம் பானையிலேயே தெரியும்.

நான் கப்பலில் மரைன் இன்ஜினியர். பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றால் மற்றவர்கள் ஷாப்பிங் போவார்கள், நான் மெட்ரோ பிடித்து ஏதென்ஸ் மியூசியங்களுக்குப் போய்விடுவேன். என் தொழில்புத்தி அரக்கனின் முகத்தைப் பார்க்காது, ஜாயின்ட்டைத் தேடும். இரண்டு உடம்பை எந்த இடத்தில் சேர்த்திருக்கிறார்கள், அந்த ஒட்டு தாங்குமா? இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கென்று ஒரு கொள்கை பிடிபட்டது. ஜாயின்ட் சுலபமாக அமைந்த உருவம் கிரேக்கக் கலையில் கடைசிவரை மாறவில்லை. ஜாயின்ட் தகராறு பண்ணிய உருவம் மாறிக்கொண்டே இருந்தது.

மினோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டு கழுத்தில். மனித உடம்பு, மாட்டுத்தலை, முடிந்தது வேலை. கிரேக்கப் பானைகளில் எங்கே பார்த்தாலும் இதுதான், கூடவே அவனைக் கொன்ற வீரன் தீசியஸ் கொம்பைப் பிடித்து வாளைச் சொருகிக்கொண்டு இருப்பான். மாட்டு உடம்பில் மனித இடுப்பு முளைத்த மினோட்டார் இடைக்கால ஐரோப்பியர்கள் வரைந்தது. ரோமானியக் கவி ஒவிட் "பாதி மாடான மனிதன், பாதி மனிதனான மாடு" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார், எந்தப் பாதி எங்கே என்று சொல்லவில்லை. படிப்பவர்கள் தங்கள் வசதிக்குப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுத்தலையே வரையுங்கள். முடிந்தால் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு எட்ரஸ்கன் (பழைய இத்தாலிய மக்கள்) கிண்ணத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அவன் தாய் பாசிஃபே தன் மடியில் குட்டி மினோட்டாரை உட்காரவைத்திருக்கிறாள். சாதாரண அம்மா, சாதாரணக் குழந்தை, தலை மட்டும் கன்றுக்குட்டி. "ரொம்பப் பயமா இருக்கக் கூடாது" என்கிற உங்கள் பதிப்பகத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

அடுத்தது சென்டார், குதிரை மனிதன். இதில்தான் ஜாயின்ட் தகராறு உச்சம். யூபோயா தீவில் லெஃப்கண்டி என்ற இடத்தில் சுமார் கி.மு. 900ஐச் சேர்ந்த ஒரு சுடுமண் பொம்மை கிடைத்தது, 36 செ.மீ. உயரம். தலை ஒரு கல்லறையில், உடம்பு இன்னொரு கல்லறையில். உடைத்துப் பிரித்தே புதைத்திருக்கிறார்கள். வலது கையில் ஆறு விரல். முழங்காலில் ஒரு வெட்டு, அது சூளையில் வைப்பதற்கு முன்பே வேண்டுமென்று போட்டது. பிற்காலக் கதைகளில் மாவீரன் ஹெராக்ளிஸின் அம்பு கைரான் என்ற சென்டாரின் முழங்காலில் பாய்கிறது, அந்தக் கதையின் பழைய வடிவமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அந்த ஊகம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது ஒட்டைப் பாருங்கள். கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றில் சென்டாரின் முன்பக்கம் தலை முதல் பாதம் வரை முழு மனிதன். அவன் முதுகுக்குக் கீழே குதிரையின் பின்பாதியைச் செருகியிருப்பார்கள். முன்னால் மனிதக் கால், பின்னால் குளம்பு. ரிப்பேர் வேலை மாதிரி இருக்கும், நடந்தால் கழன்றுவிடும். பிறகு நாலும் குதிரைக்கால், இடுப்புக்கு மேல் மனிதன் என்று மாற்றினார்கள். ஒட்டு இடுப்புக்கு வந்ததும் வேகம் வந்துவிட்டது, எடை வந்துவிட்டது. கி.மு. 440களில் பார்த்தெனான் கோயிலின் தெற்குப் பக்கச் சிற்பப் பலகைகளில் சென்டார்கள் கல்யாண விருந்தில் லாபித் மக்களோடு கட்டிப் புரள்வதைப் பாருங்கள், தோலுக்கு அடியில் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் இதில் ஒரு அழகான விதிவிலக்கு உண்டு. கைரானுக்கு மட்டும் அதற்குப் பிறகும் பல ஓவியர்கள் மனிதக் கால்களை விட்டுவைத்தார்கள். உடையும் போட்டுவிட்டார்கள். ஏனென்றால் அவர் அகிலிஸுக்கும் ஜேசனுக்கும் அஸ்க்லெபியஸுக்கும் குரு. கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணும் கூட்டத்திலிருந்து அவரைப் பிரித்துக் காட்ட ஓவியனுக்குக் கிடைத்த வழி அதுதான். உங்கள் கட்டில் இரண்டு சென்டார் அட்டை இருந்தால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹெராக்ளிஸ் கொன்ற முரட்டு சென்டார் நெஸ்ஸஸுக்கு நாலு குளம்பு, கைரானுக்கு முன்னங்கால் மனிதக்கால், மேலே அங்கி, தோளில் ஒரு கிளை, அதில் வேட்டையாடிய முயல். பானைகளில் அந்தக் கிளையும் முயலும் அவருடைய அடையாள அட்டை.

கைமேரா என் கொள்கைக்கு அடங்காதது: ஒட்டு யாருக்கும் சரியாக வரவில்லை, ஆனாலும் உருவம் மாறவில்லை. ஹோமர் இலியட்டில் "முன்னால் சிங்கம், பின்னால் பாம்பு, நடுவில் ஆடு, மூச்சில் தீ" என்று முடித்துவிட்டார். நடுவில் ஆடு என்றால் ஓவியன் என்ன செய்வான்? சிங்கத்தின் முதுகில் ஆட்டுக்கழுத்தை நட்டுவைத்தான். கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கொரிந்தியக் குப்பிகளில் தொடங்கி, சிகியோன் நகர நாணயங்கள் வரை இந்த அமைப்புதான். ஆகவே முதுகு நடுவில் போடுங்கள்.

இதற்கு எல்லோரும் காட்டும் படம் அரெட்ஸோ வெண்கலச் சிலை, இப்போது ஃபுளோரன்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1553 நவம்பரில் அரெட்ஸோவில் கோட்டை வேலைக்குத் தோண்டும்போது கிடைத்தது. அது கிரேக்க வேலை அல்ல, எட்ரஸ்கன் வேலை, சுமார் கி.மு. 400. வலது முன்னங்காலில் தங்கள் கடவுள் தினியாவுக்குக் காணிக்கை என்று எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அதில் வால்பாம்பு ஆட்டின் கொம்பைக் கடித்துக்கொண்டு இருக்கும், அதை அப்படியே வரைந்துவிடாதீர்கள். தோண்டி எடுத்தபோது வால் உடைந்து போயிருந்தது. இப்போது இருப்பது 18ஆம் நூற்றாண்டில் பொருத்தியது. தன் உடம்பையே கடிக்கிற பாம்பை மூல சிற்பி செய்திருக்க மாட்டான், எதிரியைப் பார்த்துச் சீறுகிற மாதிரிதான் செய்திருப்பான். ஆட்டுக்கழுத்திலும் பின்காலிலும் காயம் இருக்கிறது, ரத்தம் வெண்கலத்திலேயே வழிகிறது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது, கைமேராவைக் கொன்ற வீரன் பெல்லரோஃபோன் எதிரே எங்கோ நின்றிருக்க வேண்டும்.

மெடூசா வேறு வகை. அவளுக்கு ஜாயின்ட் பிரச்சினையே இல்லை, முகம்தான் பிரச்சினை. பானையில் எல்லோருக்கும் பக்கவாட்டு முகம். ராஜா, வீரன், குதிரை, எல்லாம் ஒருபக்கக் கண். கோர்கன் (மெடூசாவுக்கும் அவள் அக்காக்களுக்கும் பொதுப்பெயர்) மட்டும் திரும்பி உங்களை நேருக்கு நேர் பார்க்கும். உடம்பு ஓடுவது ஒரு பக்கம், முகம் நம் பக்கம். ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நெஸ்ஸஸ் ஜாடி இருக்கிறது, கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசி, ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். கழுத்துப் பகுதியில் ஹெராக்ளிஸ் நெஸ்ஸஸைக் கொல்கிறான். வயிற்றுப் பகுதியில் தலை போன மெடூசா சரிந்து விழ, இரண்டு அக்காக்களும் பறந்து துரத்துகிறார்கள். துரத்துகிறவர்கள் தலையை வெட்டிய பெர்சியஸைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார்கள். கேலரியில் அதன் முன்னால் நின்றால் ஓரமாகப் போய் நிற்கத் தோன்றும். மதுக் கிண்ணங்களின் உள்ளேயும் அடியில் இதே முகத்தை வரைந்தார்கள், குடித்து முடிக்கும்போது அடியிலிருந்து முறைக்கும்.

கோர முகமா அழகு முகமா என்பதற்குப் பதில், இரண்டும், காலம்தான் வேறு. லூவர் அருங்காட்சியகத்தில் போயோட்டியா நாட்டு ஜாடி ஒன்று, சுமார் கி.மு. 670. அதில் மெடூசா ஒரு பெண் சென்டார்! நீளப் பாவாடை கட்டிய பெண், பின்னால் குதிரை உடம்பு. பெர்சியஸ் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கழுத்தை அறுக்கிறான், அதனால்தான் அவள் மெடூசா என்றே நமக்குத் தெரிகிறது. அடுத்த தலைமுறைகளில் கோரைப்பல், தொங்கும் நாக்கு, சிலசமயம் தாடிகூட. கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில், சுமார் கி.மு. 580, சுமார் மூன்று மீட்டர் உயரமாக இந்த முகத்தோடுதான் நிற்கிறாள். இரண்டு பக்கமும் அவள் பிள்ளைகள் பெகாசஸும் க்ரைசோரும். கதைப்படி அவர்கள் அவள் கழுத்து வெட்டுப்பட்ட பிறகு அதிலிருந்து பிறந்தவர்கள், இங்கே அவளுக்குத் தலையும் இருக்கிறது. முன்பின் எல்லாம் ஒரே படத்தில். கி.மு. 490இல் கவி பிண்டார் அவளை அழகிய கன்னங்கள் உடையவள் என்று பாடிவிட்டார். கி.மு. 5ஆம் நூற்றாண்டு நடுவில் வரைந்த, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜாடியில் அவள் தூங்குகிற ஒரு சாதாரண இளம்பெண், பெர்சியஸ் அரிவாளோடு மேலே குனிகிறான். அதைப் பார்த்தால் யார் அரக்கன் என்று சந்தேகம் வரும். அதீனா சாபம் கொடுத்து அழகியின் கூந்தலைப் பாம்பாக்கிய கதை ஒவிட் சொல்வது, அதாவது ரோமானிய காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில். பழைய கிரேக்கக் கவி ஹெசியட்டிடம் அந்தச் சாபம் இல்லை.

எனவே என் யோசனை: ஒரு நூற்றாண்டைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கருப்பு உருவப் பானைகள்தான் என் ஓட்டு. செம்மண் நிறப் பின்னணி, கருப்பு உருவம், கோடுகள் கீறல், ஆங்காங்கே கருஞ்சிவப்பு, பெண்களின் தோலுக்கு வெள்ளை. மொத்தக் கட்டுக்கும் ஒரு முகம் வந்துவிடும்.

ஃபாசில்_பிரியன்:

அண்ணா, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. இதெல்லாம் அவங்க சும்மா கற்பனை பண்ணலை, எலும்பைப் பார்த்துதான் வரைஞ்சாங்க. சிசிலி தீவில் குள்ள யானைகள் இருந்தன, வளர்ந்த யானையே ஒரு மீட்டர் உயரம்தான். அதோட மண்டையோட்டில் தும்பிக்கைக்கான ஓட்டை நெற்றி நடுவில் பெரிசா இருக்கும். அதைப் பார்த்துதான் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் கதை வந்ததுன்னு ஒத்தேனியோ ஆபெல் 1914லேயே சொன்னார். அதே மாதிரி கோபி பாலைவனத்துல புரோட்டோசெராடாப்ஸ்ங்கிற டைனோசரோட எலும்புக்கூடு, அலகு மாதிரி வாய், நாலு கால். அதுதான் கிரிஃபின்னு ஏட்ரியன் மேயர் சொல்றாங்க. அட்டைக்குப் பின்னாடி இதைப் போட்டா பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

விலங்கியல்_டீச்சர்:

செல்வி, நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுப்பவள். ஜாயின்ட் என்ற கோணத்தை ரசித்தேன், அதையே உடற்செயலியல் பக்கமாக நீட்டுகிறேன். ஏனென்றால் அந்த ஒட்டு தாங்காது என்று பழங்காலத்திலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

லுக்ரீஷியஸ், ரோமானியக் கவி, கி.மு. முதல் நூற்றாண்டு. சென்டார் ஏன் இருக்க முடியாது என்று அவர் காட்டும் வாதம் ஒரு வகுப்பறைப் பாடம். குதிரை மூன்று வயதில் முழு வலுவோடு நிற்கும். மனிதக் குழந்தை அந்த வயதில் இன்னும் தூக்கத்தில் தாய்ப்பாலைத் தேடும். குதிரை கிழடாகித் தளரும்போதுதான் பையனுக்கு மீசை அரும்பும். இரண்டையும் ஒரே உடம்பில் எப்படி வைப்பீர்கள்? ஒரு பாதி சாகக் கிடக்கும்போது மறுபாதி பள்ளிக்கூடம் போகும். கைமேராவையும் அவர் விடவில்லை: மற்ற எந்தப் பிராணியையும் போலச் சிங்கத்தின் உடம்பும் நெருப்புப் பட்டால் வேகும், அப்புறம் அது எப்படி வயிற்றிலிருந்து தீயைக் கக்கும்? ஆடுகள் தின்று கொழுக்கிற ஹெம்லாக் செடி மனிதனுக்கு விஷம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். இரண்டு இனங்களின் உணவும் வளர்ச்சியும் ஒத்துப்போகாவிட்டால் ஒட்டு நிற்காது என்பதுதான் சாரம். இன்றைக்கு உறுப்பு மாற்று அறுவைக்குப் பிறகு உடம்பு புதிய உறுப்பை ஏற்க மறுப்பதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த ஆள் நினைவுக்கு வருவார்.

அவருக்கும் முன்னால், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், சிசிலியின் அக்ரகாஸ் நகரத்து எம்பெடக்ளிஸ் இதைவிட விசித்திரமாக யோசித்தார். ஆதியில் உறுப்புகள் தனித்தனியாக அலைந்தன: கழுத்தில்லாத தலைகள், தோள் இல்லாத கைகள், நெற்றி இல்லாத கண்கள். அவை கண்டபடி சேர்ந்ததில் மனித முகம் கொண்ட மாடுகளும் மாட்டுத்தலை மனிதர்களும் பிறந்தன. பிழைக்கத் தக்க சேர்க்கை நிலைத்தது, மற்றவை அழிந்தன. அரிஸ்டாட்டில் இந்தக் கருத்தை எடுத்துச் சொல்லி மறுக்கிறார். டார்வினோடு இதை ஒப்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் அதைச் செய்ய மாட்டேன், இதில் பரம்பரையாக வரும் சிறு மாற்றம் என்ற எண்ணமே இல்லை. இருந்தாலும் மினோட்டாரைத் தோற்றுப்போன பரிசோதனையாகப் பார்த்த தைரியம் எனக்குப் பிடிக்கும்.

வெட்ட வெட்டத் தலை முளைக்கும் ஹைட்ரா பாம்பின் அட்டைக்கு ஒரு தகவல். 1740இல் நெதர்லாந்தில் வீட்டு ஆசிரியராக இருந்த ஜெனீவாக்காரர் ஆபிரகாம் ட்ரெம்பிளே, குளத்து நீரில் இருந்த ஒரு சிறு உயிரியை வெட்டிப் பார்த்தார். இரண்டு துண்டும் முழு உயிரிகளாக வளர்ந்தன. தலைப்பக்கத்தை நீளவாட்டில் கீறிக் கீறி ஏழு தலை கொண்ட ஒன்றையும் உண்டாக்கினார். அந்த இனத்துக்கு இன்று பெயர் ஹைட்ரா, எங்கள் பாடப்புத்தகத்தில் வருவது அதுதான். கைமேரா என்ற பெயரும் உயிரியலில் இருக்கிறது, இரண்டு வெவ்வேறு கருக்களிலிருந்து வந்த செல்கள் ஒரே உடம்பில் வாழ்ந்தால் அந்த உயிரி கைமேரா. 1984இல் இங்கிலாந்தில் செம்மறி ஆட்டின் கருவையும் வெள்ளாட்டின் கருவையும் சேர்த்து ஒரு குட்டியைப் பிறக்கவைத்தார்கள். அதன் உடம்பில் சில இடங்களில் கம்பளி, சில இடங்களில் முடி. ஹோமரின் ஆடு கடைசியில் ஒரு வழியாக ஒட்டிக்கொண்டது.

எஞ்சின்_ரூம்:

டீச்சர், ஹெம்லாக் விஷயம் பிரமாதம். பள்ளிக்கூடம் போகும் மறுபாதியை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஃபாசில் தம்பிக்கு: யானை மண்டை பார்க்க அச்சு அசலாக ஒற்றைக்கண் ராட்சசன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பழைய கிரேக்கன்கூட அந்த மண்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இதோ சைக்ளோப்ஸ்" என்று எழுதிவைக்கவில்லை. அது 1914இன் ஊகம். அது போக, ஹோமர் எங்கேயும் சைக்ளோப்ஸுக்கு ஒரே கண் என்று நேராகச் சொல்வதில்லை. ஒடிசியஸ் ஒரு கண்ணைக் குத்தியதும் அவன் குருடாகிவிடுகிறான், அதை வைத்து நாம்தான் கணக்குப் போடுகிறோம். நெற்றி நடுவில் ஒரு கண் என்று சொன்னது ஹெசியட்.

கிரிஃபின் கதை இன்னும் பலவீனம். சிங்க உடம்பும் பறவைத் தலையும் கொண்ட உருவங்கள் ஈரான் பக்கமும் எகிப்திலும் கிரேக்கர்கள் மத்திய ஆசியாவைப் பற்றிக் கேள்விப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருக்கின்றன. 2024இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் இந்த எலும்புக் கொள்கையை விரிவாக அலசி நிராகரித்தார்கள். கிரிஃபின் தங்கத்தைக் காவல் காக்கும் என்பது பழைய கதை, ஆனால் கோபியில் அந்த எலும்புகள் கிடைக்கும் இடமும் தங்கம் கிடைக்கும் இடமும் ஒன்றல்ல என்பதும் அவர்கள் வாதத்தில் ஒன்று. கிரிஃபின் கிரேக்கத்துக்குக் கிழக்கிலிருந்து வந்த டிசைன். ஒலிம்பியாவில் கி.மு. 7ஆம் நூற்றாண்டு வெண்கல அண்டாக்களின் விளிம்பைச் சுற்றி கிரிஃபின் தலைகள் வாயைப் பிளந்து நிற்கின்றன, நீளக் காது, நெற்றியில் ஒரு குமிழ். அதைத்தான் செல்வி வரைய வேண்டும். குமிழை விட்டுவிட்டால் அது வெறும் கழுகு.

"எதைப் பார்த்து வந்தது" என்ற கேள்வி அவர்களுக்கே உண்டு என்பதுதான் வேடிக்கை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பலைஃபாட்டஸ் என்பவர் எல்லாவற்றுக்கும் ஒரு பகுத்தறிவு விளக்கம் வைத்திருந்தார். சென்டார் என்பது தெசலியில் முதன்முதலாகக் குதிரை ஏறக் கற்று முரட்டுக் காளைகளை வேட்டையாடிய வாலிபர்களாம், தூரத்தில் முதுகைப் பார்த்தவர்களுக்குக் குதிரையில் மனிதன் முளைத்த மாதிரி தெரிந்ததாம். பிளேட்டோவின் ஃபைட்ரஸில் சாக்ரடீஸ் இந்த வேலையைக் கிண்டலடிக்கிறார்: சென்டாருக்கு விளக்கம் கொடுத்தால் கைமேராவுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு கோர்கன்களும் பெகாசஸ்களும் கும்பலாக வந்து நிற்கும், எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, முதலில் என்னையே நான் இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்கிறார். நான் சாக்ரடீஸ் கட்சி.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்கு விலக்கு கொடுப்பேன். துருக்கியில் அன்டாலியாவுக்குத் தெற்கே சிராலி கிராமத்து மலையில் யனார்தாஷ் என்று ஒரு இடம். பாறை வெடிப்புகளிலிருந்து மீத்தேன் வாயு கசிந்து தானாக எரிகிறது, இரவும் பகலும். பக்கத்திலேயே நெருப்புக் கடவுள் ஹெஃபைஸ்டஸின் கோயில் இடிபாடு. அந்தப் பகுதி பழைய லிசியா, பெல்லரோஃபோன் கைமேராவைக் கொன்றதாகச் சொல்லும் நாடு. அணையாமல் எரியும் கைமேரா மலை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியது இதைத்தான் என்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ரோமானியக் கவி வர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ் இன்னும் ஒருபடி மேலே போனார்: மலை உச்சியில் தீ, அதன் அருகே சிங்கங்கள், நடுச்சரிவு மேய்ச்சலில் ஆடுகள், அடிவாரத்தில் பாம்புகள், சேர்த்தால் கைமேரா! மலையையே செங்குத்தாக நிறுத்தி ஒரு மிருகம் பண்ணிவிட்டார். அட்டையின் பின்பக்கம் அந்தத் தீயைப் பற்றி ஒரு வரி போடுங்கள், அது இன்றும் எரிகிறது.

தூரிகை_செல்வி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கருப்பு உருவப் பானை நிறங்கள்தான் என்று முடிவு செய்துவிட்டேன். குட்டி மினோட்டார் பதிப்பகத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது, மெடூசா நேராக முறைக்கப்போகிறாள். மினோட்டார் பிறந்த கதையைப் பிள்ளைகளுக்கு எப்படி எழுதுவது என்றுதான் யோசனை. பொசைடன் அனுப்பிய காளையைப் பலி கொடுக்காமல் பாசிஃபேயின் கணவன் மினோஸ் ராஜா ஏமாற்றினான், அதற்கு வந்த தண்டனை என்று நிறுத்திக்கொள்ளப்போகிறேன்.

மிச்சம் சைரன், செர்பரஸ், ஹைட்ரா, ஹார்ப்பி. சைரனைப் பறவையாக வரைந்தால் "கடல்கன்னிதானே, தப்பா வரைஞ்சிருக்கீங்க" என்று பெற்றோர் சொல்வார்கள் என்று விற்பனைப் பிரிவில் பயப்படுகிறார்கள். என்ன பதில் சொல்ல? செர்பரஸுக்கும் ஹைட்ராவுக்கும் எத்தனை தலை? ஹார்ப்பியும் பறவைப் பெண், சைரனும் பறவைப் பெண் என்றால் இரண்டு அட்டையும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?

எஞ்சின்_ரூம்:

சைரன்: பாட்டால் மாலுமிகளை மயக்கிக் கொல்பவர்கள். ஹோமர் உருவத்தைச் சொல்லவே இல்லை. இரண்டு பேர், ஒரு புல்வெளி, சுற்றிலும் அழுகிய மனிதர்களின் எலும்பு, அவ்வளவுதான். பறவை உடம்பு கொடுத்தது ஓவியர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வுல்சியில் கிடைத்த ஜாடி ஒன்று, சுமார் கி.மு. 480. ஒடிசியஸ் பாய்மரத்தில் கட்டுண்டு தலையை நிமிர்த்திக் கேட்கிறான், மேலே பாறைகளில் சைரன்கள், ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாகக் கடலில் விழுகிறாள். பாட்டுக்கு மயங்காமல் ஒருவன் தப்பினால் சைரன் செத்துவிடும் என்ற கதை. அதில் மூன்று பேர், ஹோமரின் இரண்டு பேர் ஓவியனுக்குப் போதவில்லை. மீன்வால் இடைக்காலத்தில் வந்தது. விற்பனைப் பிரிவுக்கு இதையே பின்பக்கத் தகவலாக எழுதிக் கொடுங்கள், கேட்கும் பெற்றோர் அட்டையைத் திருப்பிப் பார்க்கட்டும்.

செர்பரஸ்: ஹோமரிடம் பெயரே இல்லை, பாதாள உலகின் அரசன் ஹேடிஸின் நாய், அவ்வளவுதான். ஹெசியட் ஐம்பது தலை என்றார். அதை எவன் வரைவான்? ஏதென்ஸ் ஓவியர்கள் பெரும்பாலும் இரண்டு தலையோடு விட்டார்கள், பக்கவாட்டில் வரையும்போது மூன்றாவதை எங்கே சொருகுவது என்ற கஷ்டம்தான் காரணம் என்பேன். நீங்கள் பார்த்த பானை லூவரில் இருப்பதாக இருந்தால், அதில் ஹெராக்ளிஸ் சங்கிலியை மறைத்துப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தெருநாயைக் கூப்பிடுகிற மாதிரி கை நீட்டுவான், கவனித்தீர்களா? மூன்று தலைதான் வேண்டும் என்றால் அதே லூவரில் கைரே நகரத்து ஜாடி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு நிறம், உடம்பெங்கும் பாம்பு. வேலை வாங்கிய அரசன் யூரிஸ்தியஸ் பயந்துபோய்ப் பெரிய குதிருக்குள் ஒளிந்து கையை மேலே தூக்குகிறான். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஹைட்ரா: ஒன்பது போடுங்கள், அப்போலோடோரஸ் கணக்கு, நடுத்தலை சாகாதது. சிமோனிடிஸ் ஐம்பது என்கிறார். பௌசானியாஸ் என்ற பயணி கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஹைட்ரா வாழ்ந்ததாகச் சொல்லும் லெர்னா சதுப்புக்கே போய்ப் பார்த்துவிட்டு, ஒரே தலைதான் இருந்திருக்கும், பிசாண்டர் என்ற கவி தன் பாட்டு பயங்கரமாக இருக்க வேண்டும் என்று தலைகளை ஏற்றிவிட்டார் என்று எழுதினார். உங்கள் பதிப்பகத்துக்கு மூதாதை அந்த பிசாண்டர். மூலையில் ஹெராக்ளிஸின் காலைக் கவ்வுகிற நண்டை மறக்க வேண்டாம், ஹீரா அதைத்தான் கடக ராசியாக வானத்தில் வைத்தாள்.

ஹார்ப்பி: குழப்பமே வராது. நாற்றம் பிடித்த பறவைப் பெண் வர்ஜிலுடையது, ரோமானியக் கதை. ஹெசியட்டின் ஹார்ப்பிகள் அழகான கூந்தல் கொண்டவர்கள், காற்றைப் போலப் பறப்பவர்கள். பானைகளில் முழுப் பெண்கள், முதுகில் இறக்கை, ஓட வசதியாகக் குட்டை உடை. குருட்டு ராஜா ஃபினியஸின் மேசையிலிருந்து சாப்பாட்டை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள், அவர் கையைக் காற்றில் துழாவுகிறார். இரண்டு கையிலும் இறைச்சித் துண்டு கொடுங்கள். துரத்துகிற வடகாற்றுக் கடவுள் போரியஸின் மகன்கள் இருவருக்கும் இறக்கை உண்டு, இடம் இருந்தால் அட்டையின் ஓரத்தில் ஒரு காலை மட்டும் காட்டினாலும் போதும்.